ஐம்பது ரூபாய் சம்பளமும் ஏழு வருஷ வேலையும்



கேம்பஸ் இன்டர்வியூவில் தவறாமல் வரும் ஒரு கேள்வி உண்டு. ஐந்து வருஷம் கழித்து நீ எங்கே இருப்பாய், பத்து வருஷம் கழித்து எங்கே இருப்பாய் என்று கேட்பார்கள். நாமும் சீனியர்கள் சொல்லிக் கொடுத்த பதிலை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு வெளியே வந்துவிடுவோம். வேலை கெடச்சாப் போதும், மிச்சத்தைப் பொறவு பாத்துக்கலாம் என்பதுதான் நம்ம கணக்கு. அதிலும் நம்மில் சிலர் சொல்லிக் கொடுக்கிற வேலைக்குப் போகப் போகிறவர்கள். ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ரக்டராகலாம், மேலே பி.இ. படித்துவிட்டு லெக்சரராகலாம். வாத்தியார் வேலை என்றால் நம்ம பக்கத்தில் ஒரு நினைப்பு உண்டு. உள்ளே நுழைந்துவிட்டால் போதும், முதல் வருஷம் எழுதின நோட்ஸை வைத்து முப்பது வருஷம் ஓட்டிவிடலாம் என்று.

அப்படி ஓட்டியிருக்கக்கூடிய ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாருக்கும் தெரிந்தவர்தான். தமிழ்த் தாத்தா என்று பள்ளிக்கூடப் பாடத்தில் தலைப்பாகைப் படத்தோடு பார்த்த உ.வே.சாமிநாதையர். ஆனால் அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். நாம் பார்க்கப் போவது இருபத்தைந்து வயசுப் பையனை. அப்பதான் காலேஜில் வேலைக்குச் சேர்ந்த புது வாத்தியார்.

அவர் பிறந்தது 1855 பிப்ரவரி 19. ஊர் கும்பகோணம் பக்கம் உத்தமதானபுரம். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். சங்கீதத்தில் வருமானம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. குடும்பம் ஆதரிப்பவர்களைத் தேடி ஊர் ஊராக மாறியது. பையனுக்கோ தமிழ்ப் பைத்தியம். தமிழ் படித்தால் சோறு கிடைக்காது, இங்கிலீஷ் படி, தெலுங்கு படி, சம்ஸ்கிருதம் படி என்று சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். எதிலும் மனசு ஒட்டவில்லை. 1871இல் மாயூரத்துக்குப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் தமிழ்ப் புலவர்களில் அவருக்கு மேலே ஆள் கிடையாது. புராணம் புராணமாகப் பாடித் தள்ளியவர். ஐந்து வருஷம் அவர் கூடவே இருந்து படித்தார். 1876 பிப்ரவரியில் பிள்ளை இறந்துபோன பிறகு திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் இருந்து மேலும் படித்தார், மடத்து மாணவர்களுக்குப் பாடமும் சொன்னார். பரீட்சை, சர்ட்டிபிகேட், பட்டம் ஒன்றும் கிடையாது. இன்றைய விளம்பரத்துக்கு அப்ளிகேஷன் போட்டால் முதல் ரவுண்டிலேயே தள்ளிவிடுவார்கள்!

கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் அப்போது தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் தியாகராச செட்டியார். அவரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்தான். தான் ஓய்வு பெறும்போது அந்த இடத்தில் சாமிநாதையரை உட்கார வைக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். மடத்தை விட்டு அனுப்ப தேசிகருக்கு மனசில்லை. செட்டியார் விடவில்லை. பிரின்சிபால் கோபாலராவிடம் சொல்லி ஏற்பாடு செய்தார். கல்லூரி ஆசிரியர்களும் பாட்டுச் சொல்லச் சொல்லி, பொருள் கேட்டுச் சோதித்துப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். 1880 பிப்ரவரி 16ஆம் தேதி வேலையில் சேர்ந்தாயிற்று. மாதம் ஐம்பது ரூபாய் சம்பளம். ஊர் ஊராக அலைந்த குடும்பத்துக்கு மாசம் தவறாமல் ஐம்பது ரூபாய் என்றால் சும்மாவா? கதை இங்கேயே சுபம் போட்டு முடிந்திருக்கலாம். பாடம் நடத்துவதில் குறையில்லை, பிள்ளைகளுக்கும் பிடித்துப் போனது, நல்ல பெயரும் வந்தது.

எட்டு மாசம் போனது. கும்பகோணத்துக்கு சேலம் இராமசுவாமி முதலியார் என்று ஒரு முன்சீப் மாற்றலாகி வந்தார். தமிழிலும் சங்கீதத்திலும் பற்றுள்ளவர். அவரைப் போய்ப் பார்க்கச் சொல்லித் தேசிகர் சொன்னார். பெரிய அதிகாரி, மரியாதைக்குப் பார்த்துவிட்டு வருவோம் என்று 1880 அக்டோபர் 21ஆம் தேதி போனார் உ.வே.சா.

அந்தச் சந்திப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம்ம வைவா மாதிரிதான் நடந்தது. என்ன படித்திருக்கிறீர்கள் என்று முன்சீப் கேட்டார். இவர் பட்டியல் போட்டார். அந்தாதி இத்தனை, பிள்ளைத்தமிழ் இத்தனை, கோவை இத்தனை, உலா, கலம்பகம், புராணங்கள்... மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போனார். எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இவ்வளவு படித்தவரா என்று வியக்கவும் இல்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளை பெயரைச் சொன்னபோதும் அப்படியே. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற மாதிரி பேசினார். பழைய நூல்கள் எதுவும் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று மூன்று பெயரைச் சொன்னார். மூன்றையும் உ.வே.சா. படித்ததில்லை. ஏட்டைக் கண்ணால் பார்த்தது கூட இல்லை.

யோசித்துப் பாருங்கள். கல்லூரித் தமிழ்ப் பண்டிதர். தமிழ்நாட்டின் பெரிய வித்துவானிடம் ஐந்து வருஷம் படித்தவர். இன்றைக்கு எட்டாங்கிளாஸ் பிள்ளை சொல்லும் சிலப்பதிகாரம் என்கிற பெயர் அவருக்கு வெறும் பெயர்தான்! அது அவர் குற்றமில்லை. அன்று மடங்களிலும் திண்ணைகளிலும் பாடம் நடந்தது பிற்கால நூல்களில்தான். சங்க நூல்களும் காப்பியங்களும் ஓலைக் கட்டுகளாக எங்கெங்கோ பரணில் கிடந்தன. சிந்தாமணியில் நாமகள் இலம்பகம் என்ற முதல் பகுதியை மட்டும் 1868இல் பவர் என்ற பாதிரியார் அச்சிட்டிருந்தார். மீதி ஓலையில்தான்.

இந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்வான்? கோபம் வரும். முன்சீப்புக்குத் தமிழைப் பற்றி என்ன தெரியும் என்று வீட்டில் வந்து சொல்வான். என் வேலைக்கு இது தேவையில்லை, சிலபஸில் இல்லை என்பான். உண்மையில் சிலபஸில் இல்லைதான். அவர் வாங்கும் ஐம்பது ரூபாய்க்கு அவர் படித்ததே தாராளம். உ.வே.சா. திரும்பப் போனார். ஒருமுறை இல்லை, பலமுறை. முதலியாரிடமிருந்து சிந்தாமணிப் பிரதி கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு முதலியாருக்கே பாடம் சொல்லும் முயற்சியில் இறங்கினார். தனக்குப் புரியாத நூலைப் படித்துப் படித்து இன்னொருவருக்குச் சொல்வது. பி.எல்.சி. புரோகிராமிங் தெரியாமலே அதை எடுத்து நடத்தச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

சிந்தாமணி திருத்தக்க தேவர் எழுதிய சமணக் காப்பியம். 3145 பாட்டு. நச்சினார்க்கினியர் உரை இருக்கிறது, ஆனால் அந்த உரையே ஒரு காடு. எங்கெங்கோ உள்ள பாட்டு வரிகளை மேற்கோளாக எடுத்துப் போட்டிருப்பார், பல இடங்களில் எந்த நூல் என்று சொல்லமாட்டார். கதையில் சமண சமயச் சொற்கள் வருகின்றன. சைவ மடத்தில் படித்த இவருக்கு அதெல்லாம் புதுசு. உ.வே.சா. கும்பகோணத்தில் இருந்த சமணர்கள் வீட்டுக்கே போனார். அவர்கள் அந்த நூலைப் பக்தியோடு வாசித்து வருகிறவர்கள். கல்லூரிப் பண்டிதர் அவர்கள் முன்னால் உட்கார்ந்து சந்தேகம் கேட்டுத் தெளிந்தார். எனக்கு அவர் வாழ்க்கையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பட்டியல் போட்டவர் கேள்வி கேட்கிறவராக மாறிவிட்டார்.

ஓலைச்சுவடியைப் படிப்பது எவ்வளவு பாடு என்று நமக்குத் தெரியாது. நம்ம டிராயிங் ஷீட்டில் டைமன்ஷன் இல்லாமல், டாட்டட் லைனுக்கும் சாலிட் லைனுக்கும் வித்தியாசம் இல்லாமல் ஒரு பிளான் கொடுத்தால் எப்படி? ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் ஒரே மாதிரி இருக்கும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரியும். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று தனியாகக் காட்டியிருக்காது. எல்லாம் ஒரே ஓட்டம். எழுதினவர் தப்பாக எழுதியிருப்பார், அதைப் பார்த்து எழுதினவர் இன்னும் ரெண்டு தப்பைச் சேர்த்திருப்பார். நடுவில் பூச்சி தின்ற இடம் வேறு. ஆகவே ஒரு பிரதியை நம்ப முடியாது. இருபதுக்கும் மேற்பட்ட பிரதிகளைத் தேடி வாங்கி, வரிக்கு வரி ஒப்பிட்டார்.

அவர் வேலை செய்த முறையைப் பற்றி நாம் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். உரையில் வரும் மேற்கோள்களையெல்லாம் தனியாகக் குறித்து வைத்தார். அருஞ்சொற்களுக்கு ஒரு அகராதி, பெயர்களுக்கு ஒரு அகராதி, எது எந்த நூலில் வருகிறது என்று ஒரு குறிப்பு. எல்லாம் கையால் எழுதினது. பிறகு திருவாவடுதுறை மடத்து ஏடுகளைப் புரட்டியபோது எட்டுத்தொகை நூல்கள் அகப்பட்டன. அங்கே பார்த்தால், சிந்தாமணி உரையில் ஊர் பேர் தெரியாமல் கிடந்த மேற்கோள்கள் அந்த நூல்களில் உட்கார்ந்திருந்தன! ஒரு நூலுக்காக எழுதின குறிப்பு அடுத்த நூலுக்குச் சாவியானது. ஒன்றைத் தொட்டதில் பத்து வேலை முளைத்தது. முதல் நாளே அறுபது வருஷத் திட்டம் ஒன்றும் அவர் போட்டுவிடவில்லை. ஒரே ஒரு புத்தகத்தை முழுசாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார்.

இதெல்லாம் பகலில் கல்லூரி வகுப்புகளை நடத்திக்கொண்டே. ராத்திரி விளக்கு வெளிச்சத்திலும் லீவு நாளிலும்தான் ஏட்டு வேலை. அச்சு வேலையோ சென்னையில். புரூப் தபாலில் போகும், வரும். லீவு விட்டால் ரயிலேறி அச்சுக்கூடத்துக்குப் போய்விடுவார். பணத்துக்குக் கையொப்பம் சேர்த்தார். புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுப் பணம் தருகிற ஏற்பாடு அது. கையெழுத்துப் போட்ட எல்லாரும் பணம் கொடுக்கவில்லை. கடன் ஏறியது.

இதற்கிடையில் ஒரு சோதனை. யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை கும்பகோணத்தில் வக்கீலாக இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சில் கொண்டுவந்தவர், பதிப்பு வேலையில் இவருக்கு முன்னோடி. சிந்தாமணியைத் தானே பதிப்பிக்கிறேன், உங்கள் பிரதியைக் கொடுங்கள் என்று கேட்டார். அனுபவசாலி, பண உதவிக்கு ஆள் தெரிந்தவர். கொடுத்துவிட்டால் கடனும் இல்லை, தலைவலியும் இல்லை. உ.வே.சா. கொஞ்சம் தடுமாறித்தான் போனார். கடைசியில் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார். இதில் தாமோதரம் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் செய்த வேலையும் சாதாரணமில்லை. ஆனால் பாதி தூரம் வந்த வேலையைப் பெரியவர் கேட்டார் என்பதற்காக ஒப்படைத்திருந்தால், பிறகு பத்துப்பாட்டும் புறநானூறும் உ.வே.சா. கையால் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

1887 அக்டோபரில் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு முழுசாக வெளிவந்தது. முன்சீப் வீட்டுத் திண்ணையில் தலை குனிந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு வயசு முப்பத்திரண்டு. கல்லூரியில் அதே வேலைதான். சிலபஸும் பெரிதாக மாறிவிடவில்லை. பாடம் சொன்ன ஆள் மாறியிருந்தார்.

பொறவு வேகம் பிடித்தது. 1889இல் பத்துப்பாட்டு. 1892இல் சிலப்பதிகாரம். 1894இல் புறநானூறு. பெயரைப் படிக்க ஒரு நிமிஷம், பின்னால் உள்ள அலைச்சலோ கொஞ்சநஞ்சமில்லை. பத்துப்பாட்டுக்காகத் திருநெல்வேலிச் சீமை முழுக்கச் சுற்றினார். திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று கவிராயர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணபாண்டியருடைய ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆசையோடு போனார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள், சாஸ்திரத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது என்று பதில் கிடைத்தது. இன்னும் எத்தனை வீடுகளில் ஆடிப்பெருக்கு அன்றைக்கு ஆற்றில் விட்டார்களோ! அவர் ஓடின ஓட்டம் நெருப்போடும் கரையானோடும் போட்டி போட்ட ஓட்டம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் பூக்களை அடுக்கிச் சொல்லும் இடத்தில் சில பூக்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஏடு முறிந்து போயிருந்தது. தேடித் தேடித் தருமபுரம் மடத்து ஏட்டில் அவற்றைக் கண்டுபிடித்தார். சில பூக்களின் பெயருக்காக இவ்வளவு பாடா என்று நமக்குத் தோன்றும். ஒரு போல்ட் குறைந்தால் மெஷின் ஓடாது என்று நம்ம ஒர்க்ஷாப்பில் சொல்வார்கள் இல்லையா?

மணிமேகலை விஷயம் வேறு மாதிரி. ஏடு முன்பே கையில் இருந்தது, ஆனால் அது பௌத்த நூல். தமிழ்நாட்டில் பௌத்தர்களே இல்லை. சமணர் வீட்டுக்குப் போனது போல யார் வீட்டுக்குப் போவது? பௌத்தம் பற்றிய நல்ல நூல்கள் இங்கிலீஷில் இருந்தன, அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அதே கல்லூரியில் வேலை பார்த்த மளூர் ரங்காசாரியார் அந்தப் புத்தகங்களைப் படித்து இவருக்கு விளக்கிச் சொன்னார். கேட்டுத் தெளிந்த பிறகு 1898இல்தான் மணிமேகலையை வெளியிட்டார். கூடவே புத்தர் வரலாறு, பௌத்த தருமம் பற்றித் தமிழில் எழுதியும் சேர்த்தார். புரியும் வரைக்கும் அச்சுக்குக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்டாஃப் ரூமில் பக்கத்து டிபார்ட்மெண்ட்காரரிடம் பாடம் கேட்டிருக்கிறார்!

இப்படி எல்லாருக்கும் முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவருக்கு வாய்த்த ஆட்கள் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. மடத்தின் ஆதரவு இருந்தது. வீட்டுப் பாரத்தில் பெரும்பகுதியை மற்றவர்கள் சுமந்திருப்பார்கள், அவர்கள் பெயரெல்லாம் புத்தகத்தில் வராது. ஆனால் இது ஏதோ ஒருத்தருக்கு மட்டும் நடந்த அதிசயமும் இல்லை. நம்ம தேரூர்க்காரர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையைப் பாருங்கள். 1876இல், மீனாட்சிசுந்தரம் பிள்ளை இறந்த அதே வருஷத்தில் பிறந்தவர். முப்பத்தாறு வருஷம் நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று வாத்தியார் வேலை பார்த்து 1931இல் ஓய்வு பெற்றார். வேலைக்கு நடுவில் குழந்தைகளுக்குப் பாட்டு எழுதினார், கல்வெட்டுகளைப் படித்தார், காந்தளூர்ச்சாலை பற்றி ஆராய்ச்சி செய்தார். அவர் கதையைத் தனியாக எழுத வேண்டும். அடுத்த வருஷ மலரில் யாராவது ஜூனியர் எழுதுங்க மக்களே.

உ.வே.சா. கும்பகோணத்தில் இருபத்து மூன்று வருஷம் இருந்தார். 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றல். அந்த வருஷம் ஐங்குறுநூறு, அடுத்த வருஷம் பதிற்றுப்பத்து. 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம். 1918இல் பரிபாடல். 1919இல் ஓய்வு. ஓய்வு என்று பேர்தானே தவிர, 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் தலைவராக இருந்தார். பட்டமே இல்லாமல் வேலைக்குச் சேர்ந்தவருக்கு 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. குறுந்தொகை வெளிவந்தது 1937இல், எண்பத்திரண்டு வயசில். ஒவ்வொரு பதிப்பிலும் ஏடு கொடுத்தவர், உதவினவர் பெயர்களை மறக்காமல் எழுதி வைத்தார். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கையை இரண்டு பாகமாக எழுதினார்.

தம் வாழ்க்கையையும் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதி வந்தார். அது முடியவில்லை. உலகப் போர்ச் சமயத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்துக்குப் போயிருந்தபோது 1942 ஏப்ரல் 28ஆம் தேதி காலமானார். என் சரித்திரம் என்ற அந்தப் புத்தகத்தை லைப்ரரியில் எடுத்துப் பாருங்கள். தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கதை மாதிரி ஓடும். முன்சீப்பைச் சந்தித்த பகுதியை மட்டுமாவது படியுங்கள். தனக்கு நேர்ந்த தலைகுனிவை எண்பது வயசுக்கு மேல் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

சென்னையில் திருவல்லிக்கேணிப் பக்கம் அவர் குடியிருந்த வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயர் வைத்திருந்தார். கும்பகோணத்தில் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் போன தியாகராச செட்டியாரின் பெயர்தான் அது. அந்த வீடு இப்போது இல்லை, 2012இல் இடித்துவிட்டார்கள். அவர் சேர்த்த ஏடுகளும் குறிப்புகளும் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியால் 1943இல் தொடங்கிய உ.வே.சா. நூல்நிலையம் பெசன்ட் நகரில் இருக்கிறது. இன்டர்வியூவுக்குச் சென்னை போகிறவர்கள், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறும் வரை நேரம் கிடந்தால், ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.